ஓடாத கோச்சிக்காக ஒரு சண்டை

நாங்கள் சண்டை பிடித்த காலத்தில் மாங்குளத்தில் கோச்சி ஓடவில்லை. ரயில் வண்டியை எங்கள் பக்கத்தில் கோச்சி என்றுதான் சொல்வோம். அது நின்று பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. தண்டவாளம் இல்லை, அதைத் தாங்கும் சிலிப்பர்க் கட்டை இல்லை, ஸ்ரேசனுக்குக் கூரை இல்லை. போரில் நின்ற எல்லாத் தரப்பும் தண்டவாளத்தையும் கட்டையையும் பதுங்குகுழிகளுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. எங்கள் வீட்டு வளவுப் பதுங்குகுழியின் மேலேயும் அந்தக் கட்டைகள் கிடந்தன. எறிகணை விழுந்த நாட்களில் அவற்றின் கீழேதான் நானும் பிள்ளைகளும் குந்தியிருந்தோம்.

மிச்சமாக இருந்தது ஒரு மண் மேடு. அதன் மேல் கருங்கல் சல்லி, இடையிடையே மழைத் தண்ணீர் போக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய மதகுகள். அதை றெயில் றோட்டு என்போம். அந்த மேட்டைத் தோண்டிக்கொண்டு போக விடமாட்டோம் என்பதுதான் எங்கள் சண்டை. இப்போது இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அப்போதும் சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவள். மாங்குளத்துக்குத் தெற்கே, ஒரு குளத்தின் கீழ் காணி கொடுத்துக் குடியேற்றிய சின்ன ஊருக்குக் கல்யாணம் செய்து வந்தேன். கொடிகாமத்தில் கோச்சி ஏறி, ஒரு தகரப் பெட்டியோடும் கணவரோடும் மாங்குளத்தில் வந்து இறங்கினேன். அந்தப் பகல் வண்டி எல்லா ஸ்ரேசனிலும் நின்றுதான் போகும். பயற்றங்காய்க் கட்டு, பூசணிக்காய், கால் கட்டிய கோழி என்று எதையும் அதில் ஏற்றலாம். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது வவுனியா ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போனேன். படியில் கால் வைக்க நான் பட்ட பாட்டைக் கண்ட கார்ட், கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆறுதலாய் ஏறுங்கோ பிள்ளை, நீங்கள் ஏறாமல் இது வெளிக்கிடாது" என்றார். ஒரு நாடு என்னைப் பார்த்து அவ்வளவு மரியாதையாகக் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு போர் வந்தது. கோச்சி நின்றது. நாங்கள் இடம்பெயர்ந்து, காட்டுக்குள் இருந்து, இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று சொன்ன பிறகு திரும்பி வந்தோம்.

போரில் மூடிக்கிடந்த பாதை திறந்ததும், யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் கண்டி றோட்டில் பஸ்களும் வான்களும் ஓடத் தொடங்கின. எங்கள் ஊர்ச் சனம் முதலில் சந்தோசப்பட்டது, நானும்தான். ஆனால் அந்தப் பாதை எங்களுக்காகத் திறக்கப்படவில்லை என்பது போகப்போக விளங்கியது. யாழ்ப்பாணத்தில் நிறைந்த பஸ் கொழும்பில்தான் காலியாகும். நடுவில் நிற்கும் நாங்கள் றோட்டுக்கரை மரங்கள் மாதிரி.

அடுத்த வருடம் என் இளைய மகளுக்கு முட்டு வந்தது. இழுப்பு என்றும் சொல்வார்கள். மூச்சை இழுத்து இழுத்து நெஞ்சு உள்ளே போனது. மாங்குளத்தில் இருந்த சின்ன வைத்தியசாலையில் மருந்து கொடுத்துவிட்டு, "வவுனியாவுக்குக் கொண்டு போங்கோ, வைச்சிருக்காதேங்கோ" என்றார்கள். அங்கிருந்த வாகனம் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டில் வந்து நின்றேன். பஸ் ஒன்று வேகம் குறைத்தது. கொண்டக்டர் கதவில் தொங்கியபடி, "நிக்கவும் இடமில்லை அக்கா, பின்னாலை வாறதிலை வாங்கோ" என்றான். பின்னால் வந்தது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்ததும் அப்படித்தான். வெயில் ஏறியது. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. கடைசியில் முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் தானாக நிறுத்தினார். ஐஸ் தண்ணீர் ஒழுகும் மீன் பெட்டிகளின் நாற்றத்துக்குள் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தபடி போனோம். ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டி பெட்டியாக இறக்கிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது.

"ஏன் இவ்வளவு நேரம் வைச்சிருந்தனீங்கள்?" என்று டொக்டர் ஏசினார். நான் காரணம் சொல்ல வெளிக்கிட்டிருந்தால் அன்றைக்கு அவர் வேறு ஒரு நோயாளியையும் பார்த்திருக்கமாட்டார்.

பிள்ளை பிழைத்தாள். ஒரு கிழமை கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு மாங்குளம் சந்தியில் இறங்கி, றெயில் றோட்டு வழியே வீட்டுக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் காட்டுக்குள் கண்ணிவெடி. சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் வரிசையாக நின்றன. மேட்டை மட்டும் வெடி அகற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் எல்லாருக்கும் அதுதான் வழி. எங்கள் ஊருக்குத் திரும்பும் மதகுக்குப் பக்கத்தில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்று நின்று மேட்டை வாரிக்கொண்டிருந்தது. இரண்டு உழவு இயந்திரங்களின் பெட்டியில் சல்லியும் கிரவல் மண்ணும் ஏறிக்கொண்டிருந்தன. மேட்டில் ஒரு பெரிய வாய் பிளந்திருந்தது.

"தம்பி, ஆர் இதை அள்ளச் சொன்னது?" என்று உழவு இயந்திரக்காரப் பெடியனிடம் கேட்டேன்.

"கொந்தராத்துக்காரர்தான் அக்கா. சந்தியிலை கடை கட்டிற பள்ளத்தை நிரப்ப."

"இது கோச்சி வாற பாதையெல்லோ."

அவன் வடக்கே ஒரு பார்வை, தெற்கே ஒரு பார்வை பார்த்தான். உண்மையிலேயே கோச்சி வருகிறதா என்று பார்ப்பவன் மாதிரி. பிறகு சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. மீன் லொறிக்குள் அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் மேலே வந்தது. பிள்ளையைக் கல்லில் இருத்திவிட்டு, பெக்கோவுக்கு முன்னால் போய் நின்றேன். அதை ஓட்டியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என்னோடு வழக்காடாமல், சோறு தின்னப் போய்விட்டார். சோறு தின்று வரும்வரைக்கும் நின்றேன். வந்தவர் வேறு பக்கத்தில் தோண்டத் தொடங்கினார். ஒரு ஆள் நின்றால் மற்றப் பக்கம் தோண்டலாம் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சண்டைக்குப் போகாத மனிதர். வயலையும் மழையையும் தவிர வேறொன்றிலும் தலையிடமாட்டார்.

"உமக்கு விசரே? இல்லாத கோச்சிக்கு ஆரோடை சண்டை பிடிக்கப் போறீர்? பேசாமல் இரும்" என்றார்.

"மேடு இருந்தால்தான் நாளைக்குத் தண்டவாளம் போடுவினம். மேடும் இல்லையெண்டால், இஞ்சை கோச்சி ஓடினதெண்டு ஆரும் நம்பமாட்டினம். றோட்டுத்தான் இருக்கே எண்டு சொல்லிவிடுவினம்."

அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

நான் பக்கத்து வளவு அக்காவிடம் போனேன். கணவரைப் போரில் இழந்தவர், மாடு வளர்த்துச் சீவித்தவர். சீனி வருத்தத்தால் கண் மங்கி, வவுனியா கண் கிளினிக்குக்குப் போவதற்காக மாதாமாதம் என்னைப் போலவே றோட்டில் நிற்பவர். நான் சொல்லி முடிப்பதற்கு முன்னரே அவர், "மாடுகளைக் கொண்டுபோய் மேட்டிலை கட்டுவம்" என்றார். "மனிசரெண்டால் தூக்கி அங்காலை விடுவாங்கள். என்ரை நாம்பன் மாட்டை ஆர் தூக்கிறது எண்டு பாப்பம்."

பிறகு சந்திக்குப் போனேன். அங்கே சீமெந்தும் தகரமும் விற்ற ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். முல்லைத்தீவுப் பக்கத்தவர். தொண்ணூறாம் ஆண்டு, அரசோடு போரிட்ட இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்தவர். சமாதானம் என்றதும் தனியாகத் திரும்பி வந்து கடை போட்டிருந்தார். முந்தி அவருடைய நிலக்கடலை மூட்டைகள் எல்லாம் மாங்குளம் ஸ்ரேசனிலிருந்துதான் கொழும்புக்குப் போகும். இப்போது கட்டட வேலை எடுத்த அந்தக் கொந்தராத்துக்காரர்தான் அவருடைய பெரிய வாடிக்கையாளர்.

"உங்களிட்டை இதைக் கேக்கிறது சரியில்லைத்தான் நானா" என்று தொடங்கினேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். கேட்டு முடித்தபின் கணக்குக் கொப்பியை மூடி வைத்தார்.

"தங்கச்சி, நான் திரும்பி வரேக்கை என்ரை வீடு இல்லை. கடை இல்லை. கதவு நிலையைக்கூடக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். ஆனா நிலம் கிடந்தது. நிலம் கிடந்தபடியாத்தான் வந்தனான். அதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தா நான் எங்கை வாறது?" என்றார். பிறகு, "நாளைக்குக் கடை பூட்டு. நானும் வாறன்" என்றார்.

மறுநாள் விடியவே மாடுகளைக் கொண்டுபோய் மேட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் வந்தார்கள். ஆண்கள் வரவில்லை. அவர்களில் பலர் கொந்தராத்துக்காரரிடம் கூலிக்குப் போனவர்கள், அதனால் நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நானா குடை பிடித்துக்கொண்டு வந்து எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் இருந்தார்.

கொந்தராத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் முடிக்க வேண்டிய வேலை இருந்தது.

"என்ன பகிடி இது? நான் அனுமதி எடுத்துத்தான் அள்ளுறன்" என்றார்.

"காட்டுக்கை கிரவல் இல்லையோ?" என்று கேட்டேன்.

"காட்டுக்கை வெடி இருக்குது. என்ரை பெடியளின்ரை காலுக்கு ஆர் பொறுப்பு?"

"அப்ப வெடி எடுத்துத் துப்புரவாக்கின ஒரே இடம் எண்டுதான் இதை அள்ளுறியள். எங்கடை பிள்ளையளின்ரை காலுக்கு ஆர் பொறுப்பு?"

அவர் மேட்டின் அகலத்தைக் காலால் அளந்தார். "சரி. பிள்ளையள் சைக்கிளிலை போற அளவுக்கு ஓரத்திலை ஒரு வழி விட்டுத் தாறன். மிச்சத்தை அள்ளுறன். கோச்சி வந்தால் நானே திரும்பக் கொட்டித் தாறன்."

எனக்குப் பின்னால் நின்ற பெண்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. அது நியாயமான பேச்சுத்தானே என்று ஒருத்தி சொன்னாள். அவளுடைய புருசனும் அவரிடம்தான் வேலை. அந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"எனக்குச் சைக்கிள் போற வழி வேண்டாம். கோச்சி போற அகலம் வேணும்" என்றேன்.

"எந்தக் கோச்சி, தங்கச்சி?"

"வரப்போற கோச்சி."

அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்களில் அரசாங்கம் வவுனியாவோடு முடிந்துவிடும். அதற்கு வடக்கே இயக்கத்தின் ஆட்சி, வேறு பொலிஸ், வேறு அலுவலகங்கள். அந்த அலுவலகங்களோடு எதிர்த்துக் கதைப்பது லேசான காரியம் இல்லை. பெண்களில் கொஞ்சப் பேர் சமைக்க வேண்டும் என்று எழும்பிப் போனார்கள். அக்கா எழும்பவில்லை. நாம்பனின் கழுத்தைச் சொறிந்துகொண்டு இருந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு காணி விசயங்களைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். என் தம்பியின் வயது இருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அம்மா, சந்தி வளர வேணும். கடை வந்தால் உங்களுக்கும் நல்லதுதானே. இந்த மேடு சும்மா கிடக்குது."

"சும்மா கிடக்கேல்லை தம்பி. காத்துக்கொண்டு கிடக்குது" என்றேன். "போன கிழமை என்ரை பிள்ளை மூச்சு விடேலாமல் கண்டி றோட்டிலை கிடந்தது. ஒரு பஸ் நிக்கேல்லை. அது யாழ்ப்பாணத்து ஆக்களுக்கும் கொழும்பு ஆக்களுக்கும் போட்ட றோட்டு. கோச்சிதான் எங்களுக்கு நிண்டது. காசு இல்லாதவனுக்கும் நிண்டது, மூட்டையோடை நிண்டவனுக்கும் நிண்டது. அதை நீங்கள் இப்ப கொண்டு வந்து தாங்கோ எண்டு நான் கேக்கேல்லை. அது வாற வழியை அழிக்காதேங்கோ எண்டுதான் கேக்கிறன்."

அவர் நானாவைப் பார்த்தார். "நீங்களும் இதுக்குத்தான் வந்தனீங்களோ?"

"ஓம்" என்றார் நானா. அதே இயக்கத்தால் ஒரு முறை வெளியேறச் சொல்லப்பட்ட மனிதர், அங்கே இருந்து அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அங்கே நின்ற எங்களுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் மதகுப் பக்கம் மண் விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் கணவர். வயலிலிருந்து மண்வெட்டியோடு நேரே வந்திருக்கிறார், காலெல்லாம் சேறு. யாரையும் பார்க்கவில்லை. சரிந்து கிடந்த மண்ணை வெட்டி, தோண்டிய பள்ளத்துக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்காரர், "ஐயா, என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்.

"கிடங்கை மூடுறன் தம்பி. பிள்ளையள் விழுந்துபோடும்" என்றார் அவர், நிமிராமலே.

அந்த இளைஞர் பள்ளத்தின் ஓரம்வரை போய் அதன் ஆழத்தைப் பார்த்தார். பிறகு, "நான் மேலை கேட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் ஆரும் அள்ள வேண்டாம்" என்று பெக்கோக்காரருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மேலே கேட்டாரோ என்னவோ, பதில் வரவே இல்லை. பெக்கோவும் திரும்பி வரவில்லை. இதை வெற்றி என்று சொல்லலாமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கொந்தராத்துக்காரர் எங்கள் ஊர் ஆண்களைக் கூலிக்கு எடுப்பதை நிறுத்தினார். அந்தக் கோபத்தில் இரண்டு வீட்டுப் பெண்கள் கோயில் கிணற்றடியில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானாவிடம் அவர் வாங்கிய சீமெந்தும் நின்றது. "அது நிண்டால் நிக்கட்டும்" என்றார் நானா.

பிளந்த வாயை மூடுவது எங்கள் வேலையாயிற்று. சனிக்கிழமைகளில், கூலியில்லாமல் எல்லாரும் சேர்ந்து வேலை செய்யும் சிரமதானம் வைத்தோம். முதலில் நாங்கள் நாலைந்து குடும்பம். மாரி மழை வந்து, நாங்கள் போட்ட மண்ணை ஒரே இரவில் கரைத்துக்கொண்டு போனது. திரும்பவும் போட்டோம், இம்முறை உடைந்த வீடுகளின் கல்லையும் கலந்து. அதுவும் ஒரு பக்கம் சரிந்தது. மூன்றாம் தரம் போட்டபோது, என்னோடு கதைக்காமல் இருந்த பெண்களில் ஒருத்தி தன் புருசனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "மழைக்குத் தோத்தால் அந்தக் கொந்தராத்துக்காரன் சிரிப்பான்" என்றாள். அவள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. மேடு நின்றது.

இரண்டாயிரத்து ஆறில் போர் திரும்பத் தொடங்கிப் பாதை மூடப்பட்டது. நானா புத்தளத்துக்குப் போனார். போகும்போது கடையைப் பூட்டிய திறப்பை என்னிடம் தரவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். "நான் வருவன்தானே" என்றார். இரண்டாயிரத்து எட்டில் நாங்களும் வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து வளவு அக்கா திரும்பி வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அவருடைய மாடுகளும் வரவில்லை.

பல வருடம் கழித்துத் தண்டவாளம் போட வந்தவர்கள் அந்த மேட்டின் மேல்தான் போட்டார்கள். எங்களால்தான் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் இல்லாவிட்டாலும் புதிதாக மண் கொட்டிப் போட்டிருப்பார்கள் என்று கெட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். கொட்டத் தேவையில்லாமல் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முதல் ஒன்று நடந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடிந்ததும் செட்டிகுளத்தில் முகாமுக்குள் இருந்தோம். வெள்ளைக் கூடாரங்கள், முள்ளுக்கம்பி, புழுதி. ஒரு நாள் அதிகாரி ஒருவர் மேசை போட்டு, ஊருக்குத் திரும்பிப் போகும்போது என்ன என்ன தேவை என்று ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். பக்கத்தில் ஒரு பிள்ளை நின்று மொழிபெயர்த்தாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் வீடு, கிணறு, விதைநெல், மண்வெட்டி என்றார்கள். நானும் வீடு என்றேன், கிணறு என்றேன். பிறகு, "மாங்குளத்துக்குக் கோச்சி" என்றேன்.

மொழிபெயர்த்த பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, அது இவர் குடுக்கிற சாமான் இல்லை."

"தெரியும். சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. களைத்துப்போன முகம். தாளைக் காட்டி ஏதோ சொன்னார். "அதுக்கு இதிலை இடம் இல்லையாம்" என்றாள் பிள்ளை.

என் கணவர், அந்த மாதங்களில் அநேகமாகக் கதைப்பதையே விட்டிருந்தவர், எனக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அப்ப ஓரத்திலை எழுதச் சொல்லுங்கோ."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. அவர் தாளைத் திருப்பி வைத்து, ஓரத்தில் ஏதோ எழுதினார். சிங்களத்தில் எழுதினபடியால் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வரிக்கு மேலாகவே எழுதினார். பிறகு அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.